ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

இல்லை தம்பி, தள்ளி உக்கார வேணாம், மூணு பேர் சீட்டுதானே, நான் இப்படி ஓரமா ஒட்டிக்கிறேன். டிக்கெட்டா கண்டக்டர்? பாஸ்ப்பா. நல்லாப் பாரு, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்னு போட்டிருக்கு. போட்டோவுல மீசை கறுப்பு, இப்ப வெள்ளை, ஆளு அதே ஆளுதான். போ, போ, பின்னாடி நாலு பேர் டிக்கெட் எடுக்காம நிக்கிறாங்க, அவங்களைப் பாரு.

பாத்தீங்களா தம்பி? அஞ்சு வருஷம் இந்தத் தொகுதிக்கு நான்தான் எம்.எல்.ஏ. க. சங்கிலிமுத்து. கேள்விப்பட்டதில்லையா? வெளியூரு, அதான். உள்ளூர்க்காரங்கன்னா என்னைப் பாத்ததும் இந்த சீட்டுல உக்காரவே மாட்டாங்க, எந்திரிச்சு முன்னாடி போயிருவாங்க. அவ்வளவு மரியாதை.

என்ன கேட்டீங்க? சட்டசபையில மேசையைத் தட்டறதைத் தவிர வேற என்ன வேலையா? எல்லாரும் இதைத்தான் கேக்கறீங்க. தட்டறதுன்னா என்ன லேசான வேலையா? தலைவர் பேரு வந்தா ரெண்டு கையாலயும் தட்டணும். அமைச்சர் பேரு வந்தா ஒத்தைக் கை. பக்கத்து சீட்டுக்காரர் பேசினா ரெண்டு விரல். நான் ஆளுங்கட்சி, ஆனா கடைசி வரிசை. கடைசி வரிசைக்காரன் தட்டலைன்னா முன்வரிசைக்காரங்க திரும்பிப் பாப்பாங்க. ஆனா நான் தட்டறதோட நின்னவன் இல்லை தம்பி. ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு வருஷம் ஒத்தை ஆளா நின்னு சண்டை போட்டேன். ஜெயிச்சேன். நீங்க எங்க இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா? அப்பச் சரி, சொல்லலாம்.

அந்த வருஷம் பட்ஜெட் கூட்டத்தொடர் முப்பத்தி நாலு நாளு. ஒரு நாளைக்கு ஒரு துறை, சில நாளு ரெண்டு துறை, மானியக் கோரிக்கை மேல பேச்சு. காலையில ஆறு மணிக்கு எம்.எல்.ஏ. ஹாஸ்டல் கதவைத் தொறந்தா வாசல்ல தொகுதிக்காரங்க பன்னெண்டு பேர் நிப்பாங்க. ஒருத்தருக்கு மருமகனை ஆஸ்பத்திரியில சேக்கணும். ஒருத்தருக்கு மகனுக்கு டிரான்ஸ்பர் வேணும். ஒருத்தர் சும்மா கடலைப் பாக்க வந்திருப்பாரு, அவருக்குத் தங்க எடம் வேணும். பல்லைத் தேய்ச்சுக்கிட்டே லெட்டர் பேடுல கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை நுரை விழுந்து என் கையெழுத்தே அழிஞ்சு போச்சு. அந்த லெட்டருக்குத்தான் டிரான்ஸ்பர் கிடைச்சுது.

அப்படி வந்தவங்கதான் எஸ்தர் ராஜகுமாரி டீச்சர். பொய்யாக்குளம் நடுநிலைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ராத்திரி ரயிலேறி, விடியக்காலையில கையில ஒரு மனுவோட வந்து நிக்கிறாங்க. பொய்யாக்குளத்துல எட்டாவது வரைக்குந்தான் தம்பி. ஒன்பதாவதுன்னா பதினோரு கிலோமீட்டர் போகணும். பையனுங்க சைக்கிள்ல போயிருவானுங்க. பொம்பளைப் பிள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க. மே மாசம் ஆச்சுன்னா நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு வீடு வீடா வருவான். எட்டாவது முடிச்ச பிள்ளைங்களை வேன்ல ஏத்திட்டுப் போயிருவான்.

"இந்த வருஷம் பதினாலு பொம்பளைப் பிள்ளைங்க சார். இந்தக் கூட்டத்தொடர்ல அறிவிச்சாத்தான் ஜூன்ல ஒன்பதாவது தொறக்கலாம். இல்லைன்னா பதினாலும் மில்லுக்குத்தான் போகும்"னாங்க. மனுவுக்குப் பின்னாடி பதினாலு பேரையும் எழுதியிருந்தாங்க. நான் மனு மேல கையை வெச்சு, "டீச்சர், நீங்க ஊருக்குப் போங்க. ஒன்பதாவது உங்களுக்கு முன்னாடி அங்க வந்து நிக்கும்"னேன். மனசாரச் சொன்னேன் தம்பி. அதுல சந்தேகமே வேணாம்.

கேள்வி நேரத்துல எனக்குத் துணைக்கேள்வி கேக்க வாய்ப்புக் கிடைச்சுது. நாலு வருஷத்துல மொத வாய்ப்பு. சலவைச் சட்டை, புதுத் துண்டு. எனக்கு முன்னாடி எதிர்க்கட்சியில ஒருத்தர் எந்திரிச்சு, அமைச்சர் சொல்றது பொய்யின்னாரு. அமைச்சர் எந்திரிச்சு, நீங்க சொல்றதுதான் பொய்யின்னாரு. அப்புறம் அரை மணி நேரம் அந்தப் பக்கமும் பொய், இந்தப் பக்கமும் பொய். பேரவைத் தலைவருக்கு மணி அடிச்சு அடிச்சுக் கையே வலி கண்டுருச்சு. எந்திரிச்சு நின்னு தீர்ப்புச் சொன்னாரு: "இனி இந்த அவையில் அந்தச் சொல் எவர் வாயிலிருந்து, எந்த வடிவத்தில், எதனுடன் சேர்ந்து வந்தாலும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படும்." எல்லாரும் தட்டினோம். நானும் தட்டினேன். நல்ல தீர்ப்புத்தானே?

அடுத்து என் பேரைக் கூப்பிட்டாரு.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, தங்கள் வாயிலாக, என் தொகுதிக்குட்பட்ட பொய்யாக்குளம்..."

"நீக்கப்படுகிறது."

எனக்கு ஒண்ணும் புரியலை. "தலைவர் அவர்களே, பொய்யாக்குளம் ஊருங்க."

"அதுவும் நீக்கப்படுகிறது."

"ஊரைங்களா?"

"சொல்லை."

கல்வி அமைச்சர் நல்ல மனுசன். எந்திரிச்சு, "உறுப்பினர் ஊரின் பெயரைத் தெரிவித்தால் அரசு பரிசீலிக்கும்"னாரு. தெரிவிச்சேன். பேரவைத் தலைவர் நீக்கிட்டாரு. மறுபடியும் தெரிவிச்சேன். மறுபடியும் நீக்கிட்டாரு. "உறுப்பினர் கேள்வியோடு வர வேண்டும்"னு சொல்லி உக்கார வெச்சுட்டாரு. மறுநாள் அச்சான குறிப்பைப் பாக்கறேன். நான் பேசினது முழுக்க இவ்வளவுதான்: "என் தொகுதிக்குட்பட்ட (நீக்கப்பட்டது) (நீக்கப்பட்டது) ஊருங்க (நீக்கப்பட்டது) (நீக்கப்பட்டது)."

பேரவைத் தலைவரை அவர் அறையிலயே போய்ப் பாத்தேன். டீ குடுத்தாரு, பிஸ்கட் குடுத்தாரு. "உங்க ஊர் மேல எனக்கு என்னய்யா கோவம்? தீர்ப்புச் சொல்லிட்டேன். உங்களுக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் பொய்யாமொழி, பொய்க்கால் குதிரைன்னு வரிசையா வருவான். நாகரிகமா வேற மாதிரி சொல்லுங்களேன். பொய்யின்னு சொல்லக் கூடாத எடத்துல உண்மைக்குப் புறம்பானதுன்னு சொல்றோமில்லை?"

அதுவும் நியாயந்தானேன்னு பட்டுச்சு. அடுத்த வாரம் எந்திரிச்சு, "உண்மைக்குப் புறம்பான குளத்துக்கு உடனே ஆவன செய்ய வேண்டும்"னு கேட்டேன். நீக்கலை! முழுசா அச்சாயிருச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அப்பவே பதில் வந்துச்சு, "உடனடியாக விசாரிக்கப்படும்"னு. ஆனா எந்திரிச்சது வருவாய்த் துறை அமைச்சர்.

மூணாம் நாள் எஸ்தர் டீச்சர்கிட்ட இருந்து போன். "சார், ரெண்டு ஜீப்புல ஆள் வந்திருக்காங்க. பள்ளிக்கூடத்தைப் பாக்க வந்திருக்காங்கன்னு பிள்ளைங்களை வரிசையா நிப்பாட்டி வெச்சேன். எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலை. சங்கிலியைப் போட்டுக் குளத்தை அளந்துக்கிட்டிருக்காங்க. குளம் உண்மையா இல்லையான்னு பாக்க வந்திருக்காங்களாம்."

ஒரு வாரம் அளந்தாங்க தம்பி. அறிக்கை வந்துச்சு. "குளம் உண்மையே. தண்ணீர் இல்லை." அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல கல்வி அமைச்சர் என்னைக் கேன்டீன்ல பாத்து, வடையை வெச்சுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "சங்கிலி, எதுக்கு இந்தப் பாடு? எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஒன்றியம்னு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி என் பி.ஏ. கையில குடுங்க. என் பதிலுரையில அறிவிச்சிடறேன். நீங்க அதைப் பத்திப் பேசவே வேணாம்."

பேசவே வேணாமாம். எனக்கு எப்படி இருக்கும்? துண்டுச் சீட்டுல எழுதி பின்கதவு வழியா வாங்கறதுக்கா என் ஜனங்க எனக்கு ஓட்டுப் போட்டாங்க? நூறு தலைமுறையா இருக்கிற ஊரு. அந்தப் பேரைச் சட்டமன்றத்துல சொல்ல முடியாதுன்னா, அப்புறம் அந்த ஊர்ல பள்ளிக்கூடம் இருந்து என்ன, இல்லாட்டி என்ன? "என் கோரிக்கையை நான் அவையில வெச்சுக்கறேங்க"ன்னு சொல்லிட்டு, என் வடைக்கு நானே காசு குடுத்துட்டு வந்துட்டேன்.

டீச்சர்கிட்டயும் சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன். "சார், பேரு என்னவா இருந்தா என்ன சார்? எங்களுக்கு ஒன்பதாவது வேணும். அந்தத் தாள்ல எழுதிக் குடுத்துடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னாங்க. படிச்ச அம்மா, நல்ல அம்மா. ஆனா மானம் மரியாதைன்னா அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியலை. அது அவங்க தப்பு இல்லை, அவங்களுக்கு அரசியல் பழக்கமில்லை.

பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை அன்னைக்குக் கொறடா எனக்கு ஏழு நிமிசம் ஒதுக்கினாரு. நான் விடலை. எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒண்ணு வாங்கியாரச் சொல்லி, மூணு நாளு ரூம்ல உக்காந்து இலக்கணம் படிச்சேன். அப்பத்தான் எனக்கே விளங்குச்சு. பொய்யாக்குளம்ங்கிறதுல பொய்யே இல்லை தம்பி! மழை பொய்ச்சுப் போச்சுன்னு சொல்றோமில்லை? பொய்க்காத குளம், பொய்யாத குளம், அதுதான் பொய்யாக்குளம். கடைசியில இருக்கிற 'த' விழுந்துருச்சு. அதுக்கு இலக்கணத்துல ஒரு பேரு இருக்கு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நீங்களும் படிச்சிருப்பீங்க. பரீட்சைக்கு ரெண்டு மார்க்கு.

ஏழு நிமிசத்தையும் இதுக்கே வெச்சுக்கிட்டேன். பதினாலு பிள்ளைங்க கதையைக் கடைசி நிமிசத்துல சொல்லலாம்னு கணக்கு.

இப்ப உங்களுக்கு கோதண்டபாணி அய்யாவைப் பத்திச் சொல்லணும். எங்க கட்சியிலயே மூத்தவரு, எண்பத்தி ரெண்டு வயசு. முன்வரிசை. காது அரைகுறை. அந்த வாரந்தான் புதுப் பல் செட் மாட்டியிருந்தாரு. அது சேராம உள்ள ஒரே புண்ணு. வாயில கைக்குட்டையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு அது தெரியாது தம்பி, சத்தியமாத் தெரியாது. பெரியவராச்சே, ஒரு மரியாதைக்கு அவர் பக்கம் திரும்பி நின்னுதான் பேச ஆரம்பிச்சேன்.

எனக்கு ஒரு பாணி உண்டு. முக்கியமான எடத்துல ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவுல நிறுத்துவேன். கேக்கறவங்க மனசுல பதியணுமில்லை?

"இது என்ன தெரியுமா? ஈறு... கெட்ட..."ன்னு நிறுத்தினேன்.

அய்யா எந்திரிச்சுட்டாரு. கைக்குட்டையை எடுத்துட்டாரு. "யாரைப் பாத்துடா ஈறு கெட்டவன்னு சொல்றே? அம்பது வருசம் இந்தக் கட்சிக்குக் கத்திக் கத்திக் கெட்ட ஈறுடா இது!" பல் செட்டு மேசை மேல வந்து விழுந்துருச்சு. முன்வரிசை மொத்தமும் எந்திரிச்சு என்னைப் பாத்துக் கத்துது. எதிர்க்கட்சிக்காரங்களுக்குக் கொண்டாட்டம். "மூத்த உறுப்பினருக்கே இந்தக் கதியா?"ன்னு அவங்க ஒரு பக்கம். நான் விளக்கிடலாம்னு, "அய்யா, அது உங்க ஈறு இல்லைங்க, எதிர்மறை..."ன்னேன். எதிர்க்கட்சிக் கொறடா துள்ளி எந்திரிக்கிறாரு: "எங்களைத்தான் எதிர்மறைங்கிறார்! மன்னிப்புக் கேக்கணும்!"

பேரவைத் தலைவர் மணியை அடிச்சு, "'ஈறு' நீக்கப்படுகிறது. 'கெட்ட' நீக்கப்படுகிறது. 'எதிர்மறை' நீக்கப்படுகிறது. 'குளம்' உட்பட இதற்கு முன் பேசியதும் நீக்கப்படுகிறது. உறுப்பினர் தன் உரையை முடித்துக்கொள்ள ஒரு சொல் அனுமதிக்கிறேன்"னாரு.

ஒரு சொல்லு. நான் என்ன பண்ணுவேன்? நிறுத்தின எடத்துல இருந்துதானே முடிக்கணும்?

"பெயரெச்சம்!"னு சொல்லிட்டு உக்காந்தேன்.

பதினாலு பிள்ளைங்களைப் பத்திச் சொல்ல நேரம் இல்லாமப் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அமைச்சர் பதிலுரை. மாடத்துல உக்காந்திருக்கிற அதிகாரிங்கதான் உறுப்பினர்கள் கேட்டதையெல்லாம் குறிச்சுத் துண்டுச் சீட்டா அனுப்புவாங்க. அமைச்சர் பட்டியலை வாசிச்சுக்கிட்டே வந்தாரு. முப்பத்தொண்ணாவதா ஒரு சீட்டு. வாசிச்சாரு: "மாண்புமிகு உறுப்பினர் சங்கிலிமுத்து அவர்கள் உணர்ச்சிப் பெருக்கோடு கோரிய, பெயரெச்சம் நடுநிலைப் பள்ளி, வரும் கல்வியாண்டு முதல் உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்படும்."

அவையே அதிர்ற மாதிரி தட்டினாங்க. நானும் ரெண்டு கையாலயும் தட்டிட்டேன். கை பழகிப் போச்சு, என்ன பண்றது?

சிரிக்காதீங்க தம்பி. எனக்கு அன்னைக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

அரசாணையும் வந்துருச்சு. பெயரெச்சம்னு ஒரு ஊரு எங்க இருக்குன்னு மாவட்டக் கல்வி அலுவலகத்துல எல்லாரும் முழிக்கிறாங்க. எஸ்தர் டீச்சர் நேராப் போய், "அது எங்க ஊருதாங்க, எங்களுக்கு அப்படியும் ஒரு பேரு உண்டு"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. பாத்தீங்களா துணிச்சலை? மறுநாளே பள்ளிக்கூட வாசல்ல போர்டு. அரசு உயர்நிலைப் பள்ளி, பெயரெச்சம். ஜூன் மாசம் அஞ்சு டீச்சருங்க வந்து சேந்தாங்க. ஒன்பதாவது தொறந்தாச்சு. பதினாலு பிள்ளைங்களும் வந்து உக்காந்துருச்சுங்க. பையனுங்களும் சைக்கிளை வீட்ல போட்டுட்டு இங்கேயே வந்துட்டானுங்க. மில்லு ஏஜெண்டு மே மாசம் வந்து வெறும் வேனைத் திருப்பிட்டுப் போனானாம்.

அதோட விட்டாங்களா? பஸ் கண்டக்டர் "பெயரெச்சம் எறங்கு"ங்கிறான். ஆடி மாசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறாங்க, கீழ "இங்ஙனம், பெயரெச்சம் ஊர்ப் பொதுமக்கள்". நான் அவ்வளவு பேச்சும் ஏச்சும் வாங்கிக் கட்டிக்கிட்டது யாருக்காக? நேராப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். ஒன்பதாவதுல நுழைஞ்சேன். எல்லாம் எந்திரிச்சு வணக்கம் சொல்லுச்சு. மூணாவது பெஞ்சுல ரெட்டை ஜடை போட்ட பொண்ணு ஒண்ணு, பேரு ரோகிணி. "நீ சொல்லும்மா, பெயரெச்சம்னா என்னன்னு தெரியுமா? அதெல்லாம் ஒரு ஊருக்குப் பேரா?"ன்னு கேட்டேன்.

"தெரியும் சார். வந்த, போன, படிச்ச. இதெல்லாம் பெயரெச்சம் சார். தனியா நிக்காது, அதுக்கப்புறம் ஒரு பேரு வரணும்."

"படிச்ச, சரி. அதுக்கப்புறம் என்ன பேரு வரும்?"

"படிச்ச ரோகிணி சார்"னுச்சு. கிளாஸே சிரிச்சுது. வாய்த்துடுக்கு. டீச்சரும் சேந்து சிரிச்சாங்க, அதுதான் எனக்குத் தாங்கலை.

அடுத்த கூட்டத்தொடர் ஐப்பசியில. அவை கூடின மொத நாளே நடுவுல போய்த் தரையில உக்காந்துட்டேன். ஆளுங்கட்சிக்காரன் ஆளுங்கட்சி ஆட்சியிலயே தர்ணா! கொறடா வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தாரு, பட்டன் ரெண்டு போச்சு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு, பட்டன் இல்லாமத்தான் வந்துச்சு, பரவாயில்லை. "என் ஊருக்குத் தப்பான பேரை வெச்சிருக்காங்க, திருத்தற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்"னு மூணு நாளு. நாலாம் நாள் துறையே பணிஞ்சுது. திருத்தம் வெளியிட்டாங்க. எனக்கு மனப்பாடம்: "மேற்படி அரசாணையில் உள்ள 'பெயரெச்சம்' என்னும் சொல் தவறானது எனக் கண்டறியப்பட்டு நீக்கப்படுகிறது."

அந்த எடத்துல பொய்யாக்குளம்னு போடணுமில்லை? போடலை. கேட்டா, நீக்கறதுக்குச் செயலாளர் கையெழுத்துப் போதுமாம், சேக்கறதுக்கு அவையில புதுசா அறிவிக்கணுமாம். அவையில அந்தப் பேரை அறிவிச்சா அவங்களே நீக்கிருவாங்களே?

ஆக, அரசாணையில பள்ளிக்கூடம் இருந்துச்சு, பேரு இல்லை. பேரில்லாத பள்ளிக்கூடத்து வருகைப் பதிவுல டீச்சருங்க எப்படிக் கையெழுத்துப் போடறது? பத்தே நாள்ல அஞ்சு பேரையும் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. கார்த்திகை மாசம் ஒன்பதாவதை மூடிட்டாங்க. எஸ்தர் டீச்சர் போன்ல அழுதாங்க. "நானே சொல்லிக் குடுக்கறேன்னேன் சார், கேக்க மாட்டேங்கறாங்க. ஏஜெண்டு வேனைக் கொண்டாந்து குளத்தங்கரையில நிப்பாட்டியிருக்கான் சார்"னாங்க. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ரெண்டு வேளை சோறு இறங்கலை. "அழாதீங்க டீச்சர், பாதி வேலை முடிஞ்சுது. தப்பான பேரு போயிருச்சு. சரியான பேரு வர்றதுதான் பாக்கி"ன்னு தைரியம் சொன்னேன்.

சொன்னபடி செஞ்சேனா இல்லையா? தை மாசம் கூடின அவையில, நான் குடுத்த பதினேழு மனுவையும் பேரவைத் தலைவர் ஒட்டுக்காப் பரிசீலிச்சாரு. தீர்ப்புச் சொன்னாரு: பொய்யாக்குளம் ஊர்ப் பெயர், அவை மரபுக்கு முரணானது அல்ல. நீக்கின எடத்துல எல்லாம் மறுபடி சேத்துக்கணும். ஒரு எடம் விடாமச் சேத்தாங்க. பழைய குறிப்பை மறுபடி அச்சடிச்சாங்க. அன்னைக்கு அவையில மொத்தப் பேரும் எனக்காகத் தட்டினாங்க தம்பி. கோதண்டபாணி அய்யாவும் தட்டினாரு, அவருக்கு எதுக்குன்னு தெரியலை.

பள்ளிக்கூடமா? அதை அடுத்த மானியக் கோரிக்கையில கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தேர்தல் வந்துருச்சு.

ஆனா அந்தக் குறிப்பை ஊருக்குக் கொண்டுபோய்க் குடுக்கணுமில்லை? மேளம், மாலை எல்லாம் ஏற்பாடு பண்ணி, நாலு கார்ல போனோம். ஊர்ல ஒருத்தரும் வெளிய வரலை. மாலையை நாங்களே போட்டுக்கிட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் போனா எஸ்தர் டீச்சர் மட்டும் வந்தாங்க. அச்சடிச்ச குறிப்பைக் குடுத்தேன். மொத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சாங்க.

"இதுல ஒன்பதாவது எங்க சார்?"

"டீச்சர், பேரைப் பாருங்க. ஆறு எடத்துல வந்திருக்கு."

அவங்க உள்ள போய் ஒரு வருகைப் பதிவேட்டை எடுத்துட்டு வந்தாங்க. ஒன்பதாம் வகுப்புன்னு அட்டையில எழுதியிருந்துச்சு. ஒவ்வொரு பேருக்கு நேராவும் சிவப்பு மையில 'நீக்கம்'னு. எனக்குப் பழகின சொல்லு. "பேருக்காகத்தானே சார் இவ்வளவு பாடுபட்டீங்க. இந்தப் பதினாலு பொம்பளைப் பிள்ளைங்க பேரையும் ஒரு தடவை வாசிச்சுட்டுப் போங்க"ன்னாங்க. காலியாக் கிடந்த அந்தக் கிளாஸுக்குள்ள கூட்டிட்டுப் போய், மேசைக்குப் பக்கத்துல நிப்பாட்டிட்டாங்க.

கேட்டுட்டாங்களே, வாசிச்சேன். மேளக்காரங்க வாசல்லயே நின்னுட்டாங்க. என் பாணி உங்களுக்குத் தெரியுமில்லை, ஒவ்வொரு பேருக்கும் நடுவுல நிறுத்துவேன். அபிராமி. நிறுத்தினேன். காளீஸ்வரி. நிறுத்தினேன். ரோகிணி. பெஞ்சைப் பாத்துக்கிட்டே கொஞ்சம் கூடுதலா நிறுத்தினேன். 'உள்ளேன் ஐயா'ன்னு ஒரு சத்தம் வரலை. எப்படி வரும்? மில்லுல பகல் ஷிப்டு.

ஆனா விடலை, பதினாலு பேரையும் வாசிச்சேன். மணி அடிக்கலை, யாரும் எந்திரிக்கலை, ஒரு சொல்லைக்கூட நீக்கலை. அஞ்சு வருஷத்துல யாரும் குறுக்கிடாம நான் பேசி முடிச்சது அது ஒண்ணுதான் தம்பி.